இழுவைப்புழுவின் நடை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ, மாமா, சின்னவள் மூவரும் சுகம்தானே? மாமாவின் பட்டறைக் கூரை ஒழுகியதாக எழுதியிருந்தாயே, சரிசெய்தாகிவிட்டதா? அவருடைய இருமல் எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் நான் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறேன் என்று திட்டினாய். "காகிதத்துல எழுதுடா, அதைப் பாதியில வெக்க முடியாது" என்றாய். அதனால் எழுதுகிறேன்.

தோட்டத் துறைக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த அனிமேஷன் படம் முடிந்துவிட்டது. பெயர் 'எல்லோருக்கும் இடம் உண்டு'. ஒரே செடியை மட்டும் வரிசை வரிசையாக வைத்தால் தோட்டம் என்ன ஆகும், பூவும் புல்லும் வண்டும் மண்புழுவும் கலந்து வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. துறைக்காரர்கள் இதைப் பல்லுயிர் என்கிறார்கள். எங்கள் முதலாளிக்கு அதெல்லாம் போதவில்லை. "எல்லாரும் நல்லவங்கன்னா எவன்டா உக்காந்து பார்ப்பான்? ஒரு வில்லன் வேணும்" என்றார். துறை கொடுத்த புகைப்படங்களைப் புரட்டினார். அசுவினிப் பூச்சி அப்பிய ஓர் அவரை இலைமேல் கறுப்பாக, முள்முள்ளாக ஒரு புழு இருந்தது. "இதோ இருக்கான் பாரு!" என்று அதன்மேல் விரலை வைத்தார். அது என்ன புழு என்று யாரும் கேட்கவில்லை. பார்க்க அசிங்கமாக இருந்தது, அது போதும். கதாநாயகன் சிவப்புப் பொறிவண்டு. வில்லனின் பெயர் இழுவைப்புழு.

எங்கள் தொழிலில் நடைதான் உயிர். ஒரு நடையைச் சரியாக வரைந்துவிட்டால் அதையே சங்கிலி மாதிரி கோத்துப் படம் முழுக்க ஓட்டலாம். இழுவையின் நடைக்கு ஸ்டுடியோவே கைதட்டியது. மற்றவர்கள் முட்டி மோதியும் வராதது எனக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது.

உங்கள் பொதுத் தோட்டத்திலும் திரையிடுவார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கான படம்தான். நீ மெனக்கெட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

பாசமுள்ள
தம்பி

*

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கூரை சரியாகிவிட்டது. இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. மாமாவின் இருமலும் அப்படித்தான், பகலில் நின்றால் ராத்திரியில் வந்துவிடுகிறது. உன் கழுத்து வலி என்ன ஆயிற்று? குனிந்தே கிடக்காதே. வெந்நீர் ஒத்தடம் கொடு.

நான் பார்க்க வேண்டியதில்லையா? நன்றாக இருக்கிறது உன் நியாயம். தோட்டத்துச் சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்கும்வரை அங்கே எந்தப் படம் ஓடினாலும் முதல் நாற்காலி எனக்குத்தான். கதவைத் திறப்பது நான், தண்ணீர் விடுவது நான், மண்வெட்டியைத் தொலைப்பது ஊரார், தேடுவது நான். படம் பார்க்க மட்டும் நான் வேண்டாமா?

எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் கத்தரி போட்டிருக்கும் தையற்காரம்மா இரண்டு போர்வையைச் சேர்த்துத் திரை தைத்துத் தருகிறாராம். ஹாரன் என்று ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வரிசையில் முன்னால் யார் நின்றாலும் கனைத்தே விலக வைப்பவர்? அவர் கேட்கிறார்: "முழுசா உன் தம்பி வரைஞ்சதா, இல்ல பக்கத்துல உக்காந்து பென்சில் சீவிக் குடுத்தானா?" நான், "நீங்க ஓட்டின பஸ்ஸை நீங்களா செஞ்சீங்க?" என்றேன். அதற்குப்பிறகு கனைக்கவே இல்லை.

மேட்டுத் தெருத் தோட்டச் சங்கத்துக்குத் துறையிலிருந்து ஒரு நிபுணரே நேரில் வந்து பேசினாராம். தேநீர், விசிறி, கேள்வி-பதில் எல்லாம் உண்டாம். நமக்குப் பொம்மைப் படம் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். போகட்டும். பொம்மை போட்டது என் தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கழுத்து பரவாயில்லை. சின்னவள் படிக்கிறாளா?

படம் என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லாதே. எத்தனையோ பேர் சேர்ந்து செய்தது. முதலாளி சொல்வதை நாங்கள் வரைகிறோம், அவ்வளவுதான். நாளைக்கு அதில் ஏதாவது பிடிக்காமல் போனால் உன்னைத்தான் கேட்பார்கள்.

அன்றைக்கு உனக்கு வேலை இருந்தால் வேலையைப் பார். தயவுசெய்து.

தம்பி

*

பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

படம் போட்டார்கள். நல்ல கூட்டம். பெஞ்சு போதவில்லை. நிறம் நன்றாக இருந்தது. அவரைப் பூவின் ஊதாவை அப்படியே கொண்டுவந்திருக்கிறாய்.

எல்லோரும் இப்போது படத்தில் சொன்னபடி தோட்டத்தைச் சுத்தம் செய்கிறார்கள். முள்ளுப்புழுவை எங்கே கண்டாலும் பொறுக்கிப் பிளாஸ்டிக் கோப்பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நசுக்குவது என் வேலை. ஓரமாக ஒரு கல் வைத்திருக்கிறேன்.

என் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஆட்கள் வருவதற்கு முன்பே பெருக்கித் தண்ணீர் விட்டுவிட்டு, அப்புறம் கருவி அறைக்குள் இருந்துகொள்ளலாம். வெயில் படாது.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஊதா நிறத்தைக் கவனித்திருக்கிறாயே! இங்கே ஒருவன்கூட அதைக் கவனிக்கவில்லை.

இழுவைக்கு எல்லா இடத்திலும் நல்ல பெயர். பிள்ளைகள் அதைப்போல நடந்து காட்டுகிறார்களாம். துறையில் அடுத்த படமும் கேட்கிறார்கள். இழுவையைப் பொம்மையாகச் செய்து விற்கலாமா என்று முதலாளி யோசிக்கிறார். சாவி கொடுத்தால் நடக்குமாம்.

வேறு எந்த இடம் உனக்குப் பிடித்தது? மண்புழு பாடும் இடம் பிடித்ததா? யாராவது ஏதாவது சொன்னார்களா? நீ என்ன நினைத்தாய் என்று எழுதவே இல்லையே. வெயில் அவ்வளவு அதிகமா அங்கே? வழக்கமாக வெயிலில் நிற்கத்தானே உனக்குப் பிடிக்கும்?

பதில் எழுது.

தம்பி

*

மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. சுகமாகத்தான் இருப்பாய். ஸ்பானர் பிடிக்கிற கைக்குப் பேனா பிடிப்பது கஷ்டம். ஆனாலும் பிடித்திருக்கிறேன். உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதத்துக்கு அவள் பதில் எழுதவில்லை. எழுதமாட்டாள்.

அன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன், கேள். திரை கட்டினோம். உன் அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள் அன்றைக்குக் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டாள். "இதைச் செஞ்சது என் தம்பிங்க" என்றாள். அப்புறம் வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புழு வந்தது. இடது காலை இழுத்துக்கொண்டு, வலது தோளைத் தூக்கிக்கொண்டு, தொடையில் கையை ஊன்றி ஊன்றி. ஏன் மாப்பிள்ளை, ஆறு கால் இருக்கிற பூச்சிக்கு எதுக்குய்யா நொண்டல்? ஒண்ணு போனா மிச்சம் அஞ்சு இருக்கே!

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன். அப்புறம் முன் வரிசையில் ஒரு குழந்தை திரும்பி உன் அக்காவைப் பார்த்தது. அதன் அம்மா திரும்பினாள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சிரிப்பு நின்றுபோனது. சிரித்தபோதுகூட எனக்கு வலிக்கவில்லை, நின்றபோதுதான் வலித்தது. உன் அக்கா மட்டும் நிறுத்தவில்லை. படம் முடியும்வரை, அந்தப் பொறிவண்டு அதை அடித்துத் துரத்தும்வரை, தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள் வாளி தூக்கிக்கொண்டு போனால் பிள்ளைகள் பின்னாலேயே காலை இழுத்துக்கொண்டு போகிறார்கள். "இழுவை வருது, இழுவை வருது" என்கிறார்கள். ஹாரன்தான் அவர்களைக் கனைத்துத் துரத்துகிறார். அவள் கருவி அறையில் ஒளிந்துகொள்கிறாள், வெயிலாம். சின்னவள் போன வாரம் சொன்னாள்: "அம்மா, ஸ்கூல் வாசலுக்கு வராதே. நானே வந்துடுறேன்."

ஒன்று கேட்கிறேன். நீ வேலைக்குப் போன நாளிலிருந்து எழுதின கடிதம் எல்லாவற்றையும் அவள் பெட்டியில் வைத்திருக்கிறாள். எல்லாம் எடுத்துப் படித்தேன். கூரை ஒழுகுதான்னு கேட்டிருக்கே. என் இருமலைக் கேட்டிருக்கே. சின்னவ படிக்கிறாளான்னு கேட்டிருக்கே. அவ கால் எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்டிருக்கியா? காலுங்கிற வார்த்தையே உன் பேனாவுக்கு வராது. ஆனா வரைய மட்டும் நல்லா வருது.

மாமா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு உடம்பு சரியில்லை, பெரிதாக ஒன்றுமில்லை.

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

அக்கா, யாரையும் நினைத்து வரையவில்லை. அதை நீ நம்ப வேண்டும். இடுப்பொடியக் குனிந்து ஒன்றை வரைந்துகொண்டிருக்கும்போது கை எங்கிருந்து எடுக்கிறது என்று நமக்குத் தெரியாது. முதலாளி பின்னால் வந்து நின்று "சிரிப்பு வரலையே, சிரிப்பு வரலையே" என்றார். வந்த நடையைக் கொடுத்தேன். முடித்த பிறகுதான் அது யார் என்று தெரிந்தது. அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். கைதட்டலை நிறுத்தி "இது வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே என்னை வேலையில் வைத்திருப்பதே பெரிய தயவு என்று தினமும் நினைவுபடுத்துகிறார்கள்.

மன்னித்துக்கொள் என்று எழுதலாம். எழுதினால் வேண்டுமென்றே செய்தேன் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீயாவது என்னைத் திட்டி எழுதியிருக்கலாமே? "நிறம் நன்றாக இருந்தது" என்று எழுதினாயே, அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் ஊதாவைப் பற்றியும் பொம்மையைப் பற்றியும் உளறி எழுதியிருக்கமாட்டேன். அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

தம்பி

*

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு என்ன? காய்ச்சலா? மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது உன் வழக்கம். அப்படிச் செய்யாதே.

இங்கே அவரைப் பயிர் போய்விட்டது. கொடி முழுக்க அசுவினி. இலையைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. கத்தரியிலும் ஏறிவிட்டது. போன வருஷம் இப்படி இல்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

தையற்காரம்மாதான் கண்டுபிடித்தார். அவரும் கண்டுபிடிக்க நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை. படம் பார்த்த சூட்டில், தன் கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு முள்ளுப்புழுவைப் பிடித்து நூல்கண்டு டப்பாவில் போட்டு வைத்தாராம். அப்புறம் மறந்துவிட்டார். ஒருநாள் திறந்தால் புழு மூடியில் ஒட்டிக்கொண்டு கூன் போட்டுக் கிடந்தது. செத்துப்போயிற்று என்று அப்படியே வைத்துவிட்டார். மறுபடி திறந்தபோது உள்ளே வெளிறிய மஞ்சளில் ஒரு வண்டு. சாயங்காலத்துக்குள் அது சிவந்து, புள்ளி வந்து, பொறிவண்டாகிவிட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, அந்தப் புழு இந்த வண்டோட பிள்ளைம்மா! நாம நசுக்கினது எல்லாம் இதோட பிள்ளைம்மா!"

அசுவினியைத் தின்று தீர்ப்பது வண்டைவிட அந்தப் புழுதானாம். துறையின் பழைய சுவரொட்டி ஒன்று கருவி அறைக் கதவின் உள்பக்கமே ஒட்டியிருந்தது. அதில் படம் போட்டு எழுதியிருக்கிறது. மண்வெட்டி மாட்டி மாட்டி மறைந்துபோயிருந்தது. இத்தனை நாள் அந்த அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே பார்த்தபடி.

ஆக, உன் படத்தில் பொறிவண்டு அடித்துத் துரத்துகிறதே, அது அதன் பிள்ளையைத்தான்.

கல் இன்னும் ஓரத்தில் கிடக்கிறது. என் கையால் எத்தனை நசுக்கினேன் என்று எனக்குக் கணக்கில்லை. படத்தில் சொன்னது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ செய்ததாயிற்றே.

சின்னவள் நன்றாகப் படிக்கிறாள்.

அக்கா

*

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரையை முழுவதும் சாப்பிட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பூச்சி வந்து கேஸ் போடுமா?"

"தோட்டமே போச்சுங்க. ஆயிரம் பேர் பார்த்திருக்காங்க, நம்பிக் கொன்னிருக்காங்க."

"பொதுத் தோட்டத்துல நாலு கீரை போடுறவங்கதானேய்யா? அடுத்த வருஷம் முளைச்சுக்கும்."

அந்த நாலு கீரைக்குத் தண்ணீர் விடுகிறவள் என் அக்கா என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. எழுதியிருப்பது தோட்டக்காரி ஒருத்தி என்று மட்டும் சொல்லியிருந்தேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள். சொன்னால் அடுத்த கேள்வி, நடையைப் பற்றி வரும் என்று பயந்தேன். இதையும் உனக்கு எழுதிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன்.

ஆனால் போன வாரம் எல்லாம் மாறிவிட்டது. மேட்டுத் தெருச் சங்கத்தில் யாரோ ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுத் துறைக்குப் புகார் எழுதினாராம். துறை அலறிக்கொண்டு எங்களுக்கு எழுதியது. உங்கள் அவரை செத்ததற்கு அசையாதவர்கள் அவருடைய ஒரு காகிதத்துக்கு எழுந்து நின்றார்கள். நம் தெருவில் செத்தால் அடுத்த வருஷம் முளைக்கும், மேட்டுத் தெருவில் ஒருவர் முகம் சுளித்தால் உடனே திருத்தம். எப்படியோ, திருத்தப் படம் ஒன்று செய்யச் சொல்லிவிட்டார்கள். என்னைத்தான் செய்யச் சொன்னார்கள்.

கதையை நானே எழுதினேன். படிப்படியாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், பார். இழுவை இலைக்கு இலை போய் அசுவினியைத் தின்று செடிகளைக் காப்பாற்றுகிறது. யாரும் அதை மதிப்பதில்லை. கடைசியில் ஓர் இலையில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. கூடு பிளக்கிறது. சிவப்பாக, புள்ளியோடு, அழகாக வெளியே வருகிறது. கடைசிப் படத்தைக் கவனி. நேராக நிமிர்ந்து நடக்கிறது, இழுப்பே கிடையாது. பிறகு பறக்கிறது. இதைப் பார்த்த பிறகு ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், அக்கா. இதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நீ சரி என்றால்தான் வேலையைத் தொடங்குவேன்.

தம்பி

*

மே 26

தம்பிக்கு,

நான் நலம். நீ அனுப்பிய படங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். மாமா பார்த்தார். "நல்லாத்தானே போட்டிருக்கான், இப்ப என்ன?" என்றார்.

ஏன்டா அது நேராக நடக்கிறது?

புழுவாக இருந்து திட்டு வாங்கினவரைக்கும் நொண்டி. நல்லது என்று ஊருக்குத் தெரிந்ததும் கால் சரியாகிவிட்டதா? அழகாகிவிட்டால் இழுப்பு நின்றுவிடுமா? அப்படியென்றால் எனக்கு இன்னும் கூடு பிளக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

என்னைக் கேலி செய்ததைப் பொறுத்துக்கொண்டேன். நீ சரிசெய்ததைப் பொறுக்க முடியவில்லை. இந்தக் காலோடுதான் நான் வாளி தூக்குகிறேன். இந்தக் காலோடுதான் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பட்டறையில் பெட்ரோல் நாற்றத்தோடு வருகிற மனிதனுக்கு வெந்நீர் வைக்கிறேன். இதில் எந்த இடத்தில் எனக்குக் கால் நேராகியிருக்க வேண்டும் என்று நீ நினைத்தாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் இழுவை நடக்கும் இடமெல்லாம் முதுகுதான் தெரிகிறது. ஒரு இடத்திலாவது பக்கவாட்டில் காட்டவில்லை. மற்றவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள். நான் கவனித்தேன்.

சின்ன வயதில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். கையைப் பிடித்தால் உதறுவாய். "லேஸ் அவிழ்ந்திடுச்சு, நீ முன்னால போ" என்பாய். யாராவது எதிரே வந்தால் போதும், உடனே உனக்கு லேஸ் அவிழும். எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? முடிச்சு போட்டுவிட்டவளே நான்தான், அது அப்படி அவிழாது. திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பேன். வெட்கப்படுகிறான், பிள்ளைதானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாய் என்று அந்தப் போர்வைத் திரையில்தான் தெரிந்தது.

போன திங்கட்கிழமை சின்னவளோடு கடைக்குப் போனேன். எதிரே அவளுடைய சிநேகிதிகள் வந்தார்கள். சட்டென்று குனிந்து லேஸைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது?

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இவ்வளவு சின்னக் கேள்வி.

திருத்தப் படத்தின் முடிவை மாற்றிவிட்டேன். வண்டு அதே நடைதான் நடக்கும். முதலாளி, "என்னய்யா இது, நல்லவனானப்புறமும் நொண்டுது?" என்றார். "அது எங்க அக்கா நடைங்க. அப்படித்தான் நடக்கும்" என்றேன். அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். வேலையை விட்டு அனுப்புவாரா என்று தெரியவில்லை. இதுவரை அனுப்பவில்லை. பொம்மைப் பேச்சு நின்றுவிட்டது. இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டியதை ஜூனில் சொன்னேன்.

இந்த முறை முதுகு வேண்டாம் என்று தீர்மானித்தேன். வண்டு இலை விளிம்பில் பக்கவாட்டில் நடந்து, பிறகு நம்மைப் பார்த்து நடந்து வரவேண்டும். வரைய உட்கார்ந்தேன்.

வரவில்லை அக்கா.

பின்னாலிருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். குதிகால் எப்போது தூக்கும், புடவை விளிம்பு எந்தப் பக்கம் இழுபடும், தோள் எவ்வளவு ஏறும், எல்லாம் தெரியும். பக்கத்திலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. இடது கையை என்ன செய்வாய்? முழங்கால் மடங்குமா, மடங்காதா? நடக்கும்போது தரையைப் பார்ப்பாயா, தெருவைப் பார்ப்பாயா? உன் முகம் எப்படி இருக்கும்? வலிக்குமா? வலித்தால் முகத்தில் தெரியுமா? அடித்து அடித்து வரைந்தேன். எல்லாம் வேறு யாரோவாக வந்தது.

யாரைக் கேட்பது என்று தெரியாமல் உன்னையே கேட்கிறேன்.

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

கால் வலிக்கிறது. ஈரக் காற்று அடித்தால் கூடுதலாக வலிக்கும். முழங்கால் பாதிதான் மடங்கும்.

மற்றதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

பழைய நேரத்துக்கே வேலையை மாற்றிக்கொண்டுவிட்டேன். காலையில் ஏழு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவேன். சின்னவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அங்கிருந்து கடைத்தெரு வழியாகத் தோட்டத்துக்கு. எல்லோரும் பார்க்கிற வழிதான். மெதுவாகத்தான் நடப்பேன்.

வருவதானால் லேஸ் இல்லாத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

அக்கா